பிசினுக்கு மாற்றாகப் போன நீலத்துணி

நம் இலக்கிய வட்டம் பத்தாண்டு நிறைவு காணும் இவ்வேளையில், கோட்டக்குப்பம் முதல் மரக்காணம் வரையிலான இந்த உப்பளக் கரையின் பழமை பற்றி ஒரு கட்டுரை வேண்டுமென மலர்க்குழுவினர் பணித்தனர். யவனர் வந்தனர், முத்தும் துகிலும் கொண்டனர், பொன் கொட்டினர் என்று எழுதிவிடுவது எளிது. அத்தகைய கட்டுரைகளை நாம் நிறையவே படித்திருக்கிறோம், நானும் எழுதியிருக்கிறேன். இம்முறை கடல் வணிகத்தின் பெருமையை மட்டும் பேசாது, அதன் மறுகரையில் இருந்தோரையும் சற்றே நோக்க விழைகிறேன். அதற்கு வாயிலாக நான் தேர்ந்துகொண்ட பொருள் மிகச் சிறியது. மரத்தின் பட்டையிலிருந்து கசிந்து உறையும் பிசின்.

நீரில் கரைவதும் நெருப்பில் மணப்பதும்

மரத்திலிருந்து வடியும் பொருள்களைத் தமிழர் நெடுங்காலமாகவே வகைப்படுத்தி அறிந்துள்ளனர். வேம்பு, முருங்கை, விளா, கருவேல் ஆகியவற்றின் வடிநீர் பிசின் எனப்படும். அது நீரில் கரையும், ஒட்டும், எரித்தால் மணக்காது. குங்கிலியம், சாம்பிராணி போன்றவை நீரில் கரையா, எண்ணெயில் இளகும், தணலில் இட்டால் மணப்புகை எழுப்பும். பெருங்காயம், வெள்ளைப்போளம், குக்குலு முதலியவை இவ்விரண்டின் இயல்பும் கலந்தவை. இன்றைய தாவர வேதியியலாரும் ஏறக்குறைய இவ்வாறே மூவகைப்படுத்துவர்.

இம்மூன்றுக்கும் பொதுவான இயல்பு ஒன்றுண்டு. பெரும்பாலும் இவை மரத்தின் காயத்திலிருந்து பிறப்பவை. பட்டை கீறப்பட்ட இடத்தை மூடிக்கொள்ள மரம் சுரப்பதே பிசின். அகிலின் மணமும் அத்தகையதே. நோயுற்ற அகில் மரம் தன் வயிரத்துள் சுரக்கும் பிசினே அந்த நறுமணம். நோயற்ற மரத்தில் அகில் விளையாது.

தமிழரின் வழிபாட்டு வாழ்வில் இவற்றின் இடம் விரிவானது. திருக்கடவூர்க் கலயனார் தம் மனைவியின் தாலியை விற்று நெல் வாங்கச் சென்று, குங்கிலியப் பொதியை வாங்கித் திரும்பிய வரலாற்றைச் சேக்கிழார் விரித்துரைக்கிறார். பொருளின் பெயரே அடியாரின் பெயராயிற்று. கோயிலில் எழும் சாம்பிராணிப் புகை தர்காவிலும் எழுகிறது. மாதா கோயிலின் தூபக் கலசத்திலும் எழுகிறது. நம் ஊரில் மூன்று சமயத்தார்க்கும் வழிபாட்டு மணம் ஏறக்குறைய ஒன்றே. பிள்ளை குளித்த தலையைச் சாம்பிராணிப் புகையில் காட்டி உலர்த்தும் தாய்க்கோ அது சமயம் கடந்தது.

எயிற்பட்டினத்து விறகு

இக்கரைக்கும் மர மணத்துக்கும் உள்ள தொடர்பைப் பாடிய முதற்புலவர் இம்மண்ணுக்கு அண்மையவரே. சிறுபாணாற்றுப்படையை இயற்றிய நத்தத்தனார் இடைக்கழிநாட்டு நல்லூரைச் சேர்ந்தவர். மரக்காணத்துக்கு வடக்கே அப்பகுதி இன்றும் இடைக்கழிநாடு என்றே வழங்குகிறது. பாட்டுடைத் தலைவனான நல்லியக்கோடன் ஓய்மாநாட்டை ஆண்டவன். அவனது கிடங்கில் இன்றைய திண்டிவனத்தின் ஒரு பகுதி. அந்நூல் கூறும் எயிற்பட்டினம் மரக்காணமே என்பது அறிஞர் பலர் கொள்கை. கிரேக்க மாலுமி ஒருவர் கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிய ‘எரித்திரேயக் கடல் பயணக் குறிப்பு’ இக்கடற்கரைத் துறைகளாகக் கமரா, பொதுகே, சோபட்மா என மூன்றைச் சுட்டுகிறது. இவற்றுள் பொதுகே புதுச்சேரியை அடுத்த அரிக்கமேடு என்றும், சோபட்மா மரக்காணம் என்றும் கருதுவர்.

அப்பட்டினத்தில் நத்தத்தனார் காட்டும் காட்சி வியப்புக்குரியது. அலை கொணர்ந்து ஒதுக்கிய மணமரத்தைப் பரதவப் பெண் அடுப்பில் விறகாக எரிக்கிறாள். அதனை அகில் எனப் பொருள் கொள்வது மரபு. கரையில் கிடக்கும் அம்மரத்துக்குப் புலவர் கூறும் உவமை, படுத்துறங்கும் ஒட்டகம். ஒட்டகம் நெய்தல் நிலத்துக்குரிய விலங்கன்று. ஆயினும் மரக்காணக் கரையில் நின்ற ஒரு தமிழ்ப்புலவரின் கண்ணுக்கு மணமரத்தைக் கண்டவுடன் ஒட்டகம் நினைவுக்கு வந்தது. இவ்வுவமையை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். கட்டுரையின் பிற்பகுதியில் ஒட்டகம் மீண்டும் வரும்.

அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலரும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினரும் நிகழ்த்திய அகழாய்வுகளில் மத்தியதரைக் கடற்பகுதியின் மதுச்சாடித் துண்டுகள் கிடைத்தன. மது கசியாதிருக்க அத்தகைய சாடிகளின் உட்புறம் மரப்பிசினால் பூசப்படுவது அக்கால வழக்கம். யவனர் தந்த தேறலைப் பாடிய நம் புலவர்கள் அறிந்த மணத்தில், தொலைதூர ஊசியிலை மரத்தின் பிசினும் சிறிதளவு கலந்தே இருந்திருக்கும்.

இந்தியச் சித்திரத்துணியும் பிரெஞ்சுத் தடையும்

இனி நான் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன்.

சோழமண்டலக் கரையின் சித்திரத்துணி பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பாவை மயக்கியது. துவைத்தாலும் போகாத வண்ணம் அங்குள்ளோர் காணாதது. தம் பட்டும் கம்பளியும் விலைபோகா என அஞ்சிய பிரெஞ்சு அரசு, 1686இல் இத்துணிகளின் இறக்குமதியையும் அவற்றைப் போலச் செய்வதையும் தடைசெய்தது. அத்தடை 1759 வரை நீடித்தது.

தடையிருந்த காலத்திலேயே நுட்பத்தை அறியும் முயற்சி நம் பகுதியில் நடந்தது. 1734 அளவில் பொலியே என்னும் கடற்படை அதிகாரி புதுச்சேரியில் சாயவேலையை நேரில் கண்டு, ஒவ்வொரு படிநிலைக்கும் ஒரு துணித்துண்டு வெட்டிவைத்துக் குறிப்பெழுதினார். 1742இல் கேர்து என்னும் ஏசுசபைத் துறவி, சாயத்தொழிலாளரிடம் கேட்டறிந்ததை விரிவான கடிதமாக எழுதி அனுப்பினார். இவரே பின்னர் 1767இல், சமஸ்கிருதம் கிரேக்கம் இலத்தீன் ஆகியவற்றின் உறவைப் பாரிசு அறிஞர்க்கு எழுதியவர் என்பது மொழி மாணவர் கருதத்தக்கது. துணியின் இலக்கணத்தையும் மொழியின் இலக்கணத்தையும் ஒரே கை எழுதியது.

இந்நுட்பத்தில் பிசினுக்குரிய பணி என்ன? படிகாரம், இரும்புக் காடி போன்ற கரைசல்களைத் துணியில் எழுதினால் அவை பரவிவிடும், கோடு நில்லாது. அவற்றைக் கெட்டியாக்கிக் கோட்டை நிறுத்துவது பிசின். வண்ணம் துணியில் ஊறியபின் பிசின் கழுவப்பட்டு நீங்கிவிடும். வேலை முடிந்த துணியில் அதன் தடயம் இராது.

1759இல் தடை நீங்கியதும் பிரான்சில் அச்சுத்துணிச் சாலைகள் பெருகின. ஓபர்காம்ப் என்பார் 1760இல் ழுய் என்னுமிடத்தில் தொடங்கிய சாலை அவற்றுள் புகழ்பெற்றது. இங்கிலாந்திலும் அவ்வாறே. இவற்றுக்கெல்லாம் பிசின் வேண்டும். அதுவும் பொதிபொதியாக வேண்டும்.

செனகல் ஆற்றின் வடகரை

அப்பிசின் கிடைத்த இடம் மேற்கு ஆப்பிரிக்கா. செனகல் ஆற்றுக்கு வடக்கே, சகாராப் பாலையின் விளிம்பில், நம் வெள்வேல், கருவேல் இனத்தைச் சார்ந்த ஒருவகை வேலமரம் வளர்கிறது. மழைக்காலம் முடிந்து பாலையின் வறட்காற்று வீசத் தொடங்கும்போது அதன் பட்டையைக் கீறுவர். சில வாரங்களில் காயத்தில் உருண்டை உருண்டையாகப் பிசின் திரளும். அம்மரக்காடுகள் திரார்சா, பிராக்னா முதலிய மூர் இனக்குழுத் தலைவர்களின் ஆட்சியில் இருந்தன. முள் நிறைந்த அம்மரங்களிடையே வெயிலில் நின்று பிசின் எடுத்தவர்கள் பெரும்பாலும் அம்மூர்களுக்கு அடிமைகளாயிருந்த கறுப்பின மக்கள். எடுத்த பிசின் ஒட்டகத்திலும் எருதிலும் ஏற்றப்பட்டு ஆற்றங்கரைச் சந்தைகளுக்கு வந்தது. ஆற்றின் முகத்துவாரத்தில் 1659இல் பிரெஞ்சுக்காரர் அமைத்த செயின்ட் லூயி நகரத்து வணிகர்கள் படகுகளில் சென்று அதனைப் பெற்றனர்.

இப்பிசினுக்கு மூர்கள் கேட்ட மாற்றுப்பொருள் முதன்மையாக ஒன்றே. அது சோழமண்டலக் கரையின் நீலத்துணி.

பிரெஞ்சு வணிகர் அதனைக் ‘கினே’ என்றழைத்தனர். ஆப்பிரிக்கக் கினியா கரைக்குச் செல்லும் துணி என்பதால் வந்த பெயர் அது. அவுரி நீலத்தில் பலமுறை தோய்த்தெடுத்து, கருமை தோன்றும் அளவுக்கு நிறமேற்றிய முரட்டுப் பருத்தித்துணி. தென்னார்க்காட்டுச் சீமை அவுரி விளைச்சலுக்குப் பேர்பெற்றது. நீலச்சாலில் சுண்ணாம்பும், புளிக்கவைக்கத் தகரை விதையும் இட்டுச் சாயங்கூட்டுவது இப்பக்கத்து முறை. நெய்தவர் நம் ஊர்களின் கைத்தறியாளர், தோய்த்தவர் சாயக்காரர், கஞ்சியிட்டுக் கட்டையால் அடித்து மெருகேற்றியவர் வேறொரு கூட்டத்தார். புதுச்சேரியிலிருந்து கப்பலேறிய அத்துணி பிரெஞ்சுத் துறைமுகங்கள் வழியாகச் செனகல் சென்றது.

செனகல் ஆற்றுச் சந்தையில் காசு செல்லாது. ஒரு துண்டு கினேயே நாணயம். ஒரு துண்டுக்கு இத்தனை இறாத்தல் பிசின் என்றே பேரம் நடந்தது. மூர்கள் துணியை மோந்து பார்த்து வாங்கினர் என்பது வரலாற்றாசிரியர் பதிவுசெய்துள்ள சுவையான செய்தி. அவுரியின் மணம் இருக்க வேண்டும். உடுத்தினால் நீலம் உடலில் ஒட்ட வேண்டும். ரூவான் நகரத்து ஆலைகள் இதைப்போலச் செய்து அனுப்பிய துணியை அவர்கள் தொட்டும் மோந்தும் அறிந்து ஒதுக்கினர்.

ஆக, சுழற்சி இதுவே. நம் சித்திரத்துணியைப் பிரான்சு போலச் செய்தது. அதற்குப் பிசின் வேண்டியிருந்தது. பிசினை வாங்க நம் நீலத்துணி வேண்டியிருந்தது. நம் ஒரு துணியின் சந்தையைப் பறித்த தொழிலுக்கு, நம் மற்றொரு துணியே மூலப்பொருள் வாங்கித் தந்தது.

இரு துறைமுகங்களின் ஒரே ஊழ்

பிசின் அற்பப்பொருளன்று என்பதற்குப் போர்களே சான்று. ஏழாண்டுப் போரின்போது தாமஸ் கம்மிங் என்னும் ஆங்கில வணிகர், செனகலைக் கைப்பற்றினால் பிசின் வணிகம் முழுவதும் கைக்கு வரும் என்று அமைச்சர் பிட்டை இணங்கவைத்தார். படையெடுப்பும் 1758இல் வென்றது. கம்மிங், போரைப் பாவமெனக் கருதும் குவேக்கர் பிரிவைச் சேர்ந்தவர் என்பது வரலாற்றின் முரண்.

மூன்றாண்டுகளுக்குள், 1761 சனவரியில், புதுச்சேரியும் ஆங்கிலேயர் கையில் வீழ்ந்து இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. 1763 உடன்படிக்கையில் புதுச்சேரி பிரான்சுக்கு மீண்டது, செனகல் மீளவில்லை. அது 1783இல்தான் மீண்டது. நெப்போலியன் காலப் போர்களில் இரண்டும் மீண்டும் பறிபோயின. 1816, 1817ஆம் ஆண்டுகளில் இரண்டும் அடுத்தடுத்துத் திரும்பின. அதன்பின் கினே வணிகம் முன்னினும் பெருகியது. 1828இல் புதுச்சேரியில் எழுந்த நூற்பாலை இந்திய மண்ணின் தொடக்ககால நூற்பாலைகளுள் ஒன்று. பின்னாளில் சவானா ஆலை என வழங்கிய அது தோன்றி வளர்வதற்குச் செனகல் சந்தை ஒரு முக்கியக் காரணம். 1830களின் பிற்பகுதியில் ஆண்டொன்றுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட துண்டுகள் செனகலில் இறங்கின. அளவுமீறி வந்த துணியால் விலை சரிந்து, செயின்ட் லூயி வணிகர் பலர் கடனில் மூழ்கினர். துணியின் நீளத்தையும் எடையையும் தரத்தையும் வரையறுக்க 1840களில் பிரெஞ்சு அரசு ஆணையிட நேர்ந்தது.

1854இல் செனகல் ஆளுநரான ஃபெதெர்ப், மூர்களோடு போரிட்டுப் பழைய ஆற்றுச் சந்தை முறையை ஒழித்தார். அதற்குள் பிசினின் தேவையும் குறையத் தொடங்கியிருந்தது. மாவுப்பொருளை வறுத்துப் பெறும் ஒருவகைச் செயற்கைப் பிசின் அச்சுச்சாலைகளுக்குள் புகுந்தது. 1897இல் செருமானியர் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தனர். வேதியியல் ஒரு புறம் பிசினையும் மறுபுறம் அவுரியையும் வீழ்த்தியது. செனகல் நிலக்கடலைக்கு மாறியது. அதே நூற்றாண்டில் தென்னார்க்காடும் நிலக்கடலைக்கு மாறியது. இரு நாட்டுக் கடலையும் எண்ணெய்க்காக மார்சேய் நகரம் சென்றது. நம் பக்கத்தில் மல்லாட்டை என்று நாம் உரித்துத் தின்னும் பயிருக்கும் இவ்வரலாறு உண்டு.

யாருடைய கை

இதுவரை கூறியவை வரலாற்று நூல்களில் உள்ளவையே. என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது வேறொன்று.

பதினெட்டாம் நூற்றாண்டில் அந்நீலத்துணி பிசினை மட்டும் வாங்கவில்லை, மனிதரையும் வாங்கியது. ஆப்பிரிக்கக் கரையில் அடிமைகளுக்கு ஈடாகக் கொடுக்கப்பட்ட சரக்குகளுள் இந்தியத் துணி முதன்மையானது. பிசின் வணிகத்திலும் மரம் கீறிய கைகள் அடிமைக் கைகளே. 1848இல் பிரெஞ்சு ஆட்சிப்பகுதிகளில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டபோதும், அச்சட்டம் ஆற்றின் வடகரைக் காடுகளை எட்டவில்லை.

இக்கரையும் அக்கொடுமைக்குப் புறம்பானதன்று. 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப்பிள்ளை, ஏழை மக்களைக் கடத்தி அடிமைகளாகக் கப்பலேற்ற முயன்ற ஒரு நிகழ்வை 1743ஆம் ஆண்டுக் குறிப்பில் பதிவு செய்துள்ளார். துணி ஏறிய துறையில் மனிதரும் ஏறினர்.

இதன்பொருட்டு நம் நெசவாளரைக் குற்றம் சொல்வது முறையாகாது. தறியில் அமர்ந்தவருக்குத் துணி எங்கே செல்கிறது, எதற்கு ஈடாகிறது என்பது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. முன்பணம் கொடுத்த வணிகரின் பிடியில் இருந்தவர் அவர். நெசவாளரின் வழித்தோன்றல்களுள் பலர் பின்னர் ஆலைத் தொழிலாளராயினர். எட்டு மணிநேர வேலை முதலிய உரிமைகளுக்காகப் புதுச்சேரி ஆலைத் தொழிலாளர் போராடியபோது, 1936 சூலை 30 அன்று நிகழ்ந்த துப்பாக்கிச்சூட்டில் 12 பேர் உயிரிழந்தனர். மறு ஆண்டில் எட்டு மணிநேர வேலை சட்டமாயிற்று. அத்தொழிலாளர் உழைத்த ஆலைகளும் இன்று ஓய்ந்துவிட்டன. அவற்றுள் பெரியதான ஏ.எஃப்.டி. ஆலை 2020இல் மூடப்பட்டது.

ஆனால் நெசவாளரை மன்னித்துவிடுவதோடு நம் கடமை முடிந்துவிடாது. கடல்வணிகப் பெருமை பேசும்போது ‘நம் துணியை உலகமே விரும்பியது’ என்கிறோம். அவ்வாறு விரும்பியோர் அதற்கு ஈடாகக் கொடுத்தது எதை என்று கேட்பதில்லை. வணிகம் என்பது இரு கரைகளுக்கிடையே நிகழ்வது. ஒரு கரையை மட்டும் பாடும் வரலாறு அரைகுறையானது. சில வேளைகளில் அது பொய்யாகவும் ஆகிவிடும்.

தமிழ்க்கவிதை இத்தகைய கேள்வியைக் கேட்கத் தெரியாததன்று. பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்தில் வாடிய பெண்களுக்காகப் பாரதி அழுதார். அவர் பத்தாண்டுகள் வாழ்ந்த புதுச்சேரியின் குயில் தோப்பு நம் ஊர் எல்லைக்குக் கூப்பிடு தொலைவில் இருந்தது. கதர் இராட்டினத்தைப் பாடிய பாரதிதாசனும் நெசவின் அருமை அறிந்தவரே. கரும்புத் தோட்டத்தில் இருந்தவர்கள் நம்மவர் ஆதலால் கவிஞரின் குரல் அங்குச் சென்று சேர்ந்தது. வேலங்காட்டில் இருந்தவர் நம்மவர் அல்லர். அவருடைய உடம்பில் நம் அவுரியின் நீலம் ஒட்டியிருந்ததா, அல்லது அதுவும் ஆண்டைக்கே உரியதாய்ப் போயிற்றா என்று கேட்க ஒரு தமிழ்க்கவிதை வேண்டும்.

நிறைவாக

பிசின் என்னும் சொல்லிலிருந்து தமிழ் வழக்கில் ‘பிசினாறி’ என்றொரு வசைச்சொல் எழுந்தது. கையில் உள்ளதை விடாது ஒட்டிக்கொண்டிருப்பவனைக் குறிக்கும். வரலாற்றிலும் பிசினாறித்தனம் உண்டு என்று எண்ணுகிறேன். பெருமையை விடாது பற்றிக்கொண்டு, பிறர்க்குரிய பங்கைக் கொடுக்க மனமின்றி இருப்பது அது.

அரபுப் பிசின் எனப்படும் அவ்வேலம்பிசின் இன்றும் உலகுக்கு வேண்டியிருக்கிறது. மிட்டாயிலும் குளிர்பானத்திலும் மாத்திரையின் மேற்பூச்சிலும் அது உண்டு. இப்போது அது மிகுதியாகக் கிடைப்பது சூடான் நாட்டில். 1997இல் அந்நாட்டின் மீது பொருளாதாரத் தடை விதித்த அமெரிக்கா, பிசினுக்கு மட்டும் விலக்களித்தது. 2023 ஏப்ரல் முதல் அந்நாடு உள்நாட்டுப் போரில் எரிந்துகொண்டிருக்கிறது. பொருள் கரை சேர்ந்துவிடுகிறது. கீறிய கை கண்ணுக்குத் தெரிவதில்லை. பழைய கதை பெயர் மாறித் தொடர்கிறது.

கோட்டக்குப்பத்தைக் கடந்து முத்தியால்பேட்டைக்குள் நுழையும்போது முன்னொரு காலத்தில் இரு பேரரசுகளின் எல்லையைத் தாண்டினோம் என்பது இளையோர் பலர்க்கு நினைவிராது. சுங்கச்சாவடி இருந்தது, துணிப்பொதி சோதிக்கப்பட்டது, 1954 நவம்பர் முதல் நாளோடு பிரெஞ்சு ஆட்சி இங்கு முடிவுற்றது. எல்லை மறைந்தது போலவே நீலச்சால்களும் மறைந்தன.

நத்தத்தனார் அலை ஒதுக்கிய மணமரத்தில் ஒட்டகத்தைக் கண்டார். பல நூற்றாண்டுகளுக்குப் பின், அக்கரையின் துணிக்கு ஈடான பிசினை உண்மையான ஒட்டகங்கள் பாலைவெளியில் சுமந்து நடந்தன. நத்தத்தனார் இதை அறிந்து பாடினார் என்று கூறுவது பேதைமை. ஆயினும் ஒரு புலவர் தம் கரையில் நின்று, கண்காணாத நிலத்து விலங்கைத் தம் கவிதைக்குள் அழைத்துவர முடிந்தது என்பது நமக்கொரு பாடம். பத்தாண்டாகத் திங்கள்தோறும் கூடிக் கவிதை படிக்கும் நம் வட்டத்துக் கவிஞர்களை நான் வேண்டுவது ஒன்றே. அடுத்த பத்தாண்டில் இக்கரையைப் பாடுங்கள். உப்பளத்தையும் தறியையும் தோணியையும் பாடுங்கள். அவ்வாறு பாடும்போது அக்கரையில் நின்ற ஒருவருக்கும் அப்பாட்டில் ஓரடி இடம் ஒதுக்குங்கள்.